நூக் – இக்கலூயிட், ஒருவழி

ஜனவரி. கவுண்டரில் ஆளில்லை.
அச்சுப்பொறி மட்டும் தூக்கத்தில் முனகிக்கொண்டிருந்தது.
உஜார்னெக் கையுறையைக் கழற்றாமலே கேட்டார்:
எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?

தூரம் சொல்வது சுலபம்.
இரண்டு ஓடுபாதைகளையும் கணினி
ஒரு நூலால் இழுத்துக் கட்டியது,
உருண்டையின் முதுகோடு ஒட்டி.
எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
சின்ன விமானமென்றால் இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைய.
காலையில் தின்றது செரிப்பதற்குள் இறங்கிவிடலாம் என்றேன்.

அவ்வளவுதானா, என்றார்.
ஒரு கையுறையைக் கழற்றினார்.

அப்புறம்தான் மீதியைச் சொன்னேன்.
அந்த நூலின்மேல் ஓட விமானம் இல்லை.
கோடைக்கு ஒன்று இருந்தது,
போன கோடையோடு நிறுத்திவிட்டார்கள்.
ஆள் சேரவில்லையாம்.
ஆகவே மேற்கே போக
நீங்கள் முதலில் கிழக்கே போக வேண்டும்.

கோபன்ஹேகன், நாலரை மணி.
அங்கே ஓர் இரவு, வாடகைக் கட்டிலில்.
மறுநாள் அதே கடலைத் திரும்பத் தாண்டி மொன்றியல்.
வழியில் மேகம் விலகினால்
நம் தீவின் தென்முனை கீழே தெரியும்.
கையசைக்கலாம்,
உங்கள் படகும் அந்தப் பக்கம்தான் எங்கோ.
பிறகு ஒட்டாவா, இன்னோர் இரவு.
பிறகு வடக்கே, மூன்று மணிக்குமேல்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவார்கள், கேட்டிருக்கிறேன்.
இது ஊரெல்லாம் சுற்றிவந்து
மூக்கு எங்கே என்று விசாரிப்பது.

பதினோராயிரம் கிலோமீட்டர்.
மூன்று நாள், பனிப்புயல் தனிக்கணக்கு.

விலையையும் சொன்னேன்.
அவர் அதை ஹாலிபட் பெட்டிகளாக மாற்றினார், உதடு அசைய.
எண்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்தினார்.

யாரைப் பார்க்க?
கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

தங்கை.
ஐம்பத்தாறு வயதில் கிடைத்த தங்கை.
எச்சிலைத் துப்பி அனுப்பினால் சொந்தம் சொல்கிறார்களே,
அப்படி.
அப்பாவின் கப்பல் ஒரு குளிர்காலம் முழுக்க
அக்கரையில் உறைந்து நின்றதாம்.
எங்களிடம் பனியைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்.

ஊலூட்டி என்று பேர்.
போனில் பேசுகிறோம், ஞாயிறுகளில்.
அவள் சொல்வது எனக்குப் பாதி புரியும்,
நான் சொல்வது அவளுக்குக் கால்.
சிலா என்ற சொல் மட்டும் இருவருக்கும் முழுசாக:
வானிலை, வெளி, தலைக்குமேல் இருக்கிற எல்லாம்.
அங்கே சிலா எப்படி என்பாள்.
அங்கே எப்படி என்பேன்.
பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.
நடுவில் இருமுவாள்.
அப்பாவேதான்.

அச்சுப்பொறி நின்றது. நானும் பேசவில்லை.

பனிப்பாறைகள் போகின்றன, என்றார் அவராகவே.
நம் பக்கம் உடைந்து, வடக்கே ஏறி,
வளைகுடாவில் திரும்பி
அவள் பக்கமாகத் தெற்கே இறங்கும்.
ஒரு வருடமோ இரண்டோ.
அதற்கும் சுற்றுவழிதான், பாருங்கள்.
இதைச் சொல்லிச் சிரித்தார்;
ஒரு பல் இல்லை.

முதலில் சொன்னீர்களே ஓர் எண்,
அதை மட்டும் அடித்துத் தருவீர்களா?

கணினியில் அதற்கு வழியில்லை.
டிக்கெட் வாங்காதவருக்குத் தூரம் தருவதில்லை.
மூட்டைகளில் ஒட்டும் சீட்டின் பின்புறம்
பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.
கையுறைக்குள் செருகிக்கொண்டார், உள்ளங்கை பக்கம்.

வாசல்வரை போனவர் திரும்பினார்.
எந்தத் திசை, சரியாக?

அறுபத்து நான்காவது கோட்டில் நாம்,
அவர்களும் ஏறக்குறைய அதிலேயே. நேர் மேற்கு.
கையை நீட்டினேன்.
என் விரல் நேரே போய்
தீயணைப்பான் மாட்டிய சுவரில் முட்டியது.

அவர் போய் அந்தச் சுவரெதிரே நின்றார்.
குல்லாயைக்கூடக் கழற்றினார்.
துடைப்பத்தோடு வந்த பிப்பாலுக்
அவரைச் சுற்றிப் பெருக்கினாள், ஒன்றும் கேட்காமல்.

இரண்டு மணி நேரமில்லை.
இரண்டு நிமிடம் இருக்கும்.
பிறகு குல்லாயை இழுத்து மாட்டிக்கொண்டு
துறைமுகத்துப் பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

நான் அடுத்த மாதத் தேதிகளைத் தட்டிப் பார்த்தேன்,
அதற்கடுத்த மாதமும்.
ஜூலைவரை போனேன்.